கபச்சுரப்பியும் மூளையும்: ஒரு விஞ்ஞான உண்மையின் வரலாறு

எமது பாடசாலை விஞ்ஞான நூல்களிலே கபச்சுரப்பி என்றொரு சொல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மூளையின் அடிப்புறத்திலே, மெல்லிய காம்பொன்றினால் தொங்கவிடப்பட்டாற் போன்று, ஏறத்தாழ அரைக் கிராம் நிறையுடன் காணப்படும் சிறு சுரப்பியே இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. ஆயின் இச்சுரப்பி கபத்தைச் சுரப்பதில்லை. கபத்துக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்புமில்லை. அவ்வாறிருக்க இப்பெயர் எங்ஙனம் வந்து சேர்ந்தது?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க மருத்துவரான கேலன், மூளையில் உண்டாகும் கழிவு இச்சுரப்பியினூடாக வடிந்து மூக்கை அடைகின்றது எனக் கொண்டார். இலத்தீன் மொழியிலே கபத்தைக் குறிக்கும் சொல்லினடியாகவே மேலைநாட்டார் இதற்குப் பெயரிட்டனர். எமது கலைச்சொல்லாக்கத்தினர் அப்பெயரை உள்ளவாறே தமிழாக்கினர். 1543இல் மனித உடலமைப்பியலைப் புதிதாக எழுதிய வெசேலியசும் இக்கருத்தைக் கைவிட்டாரல்லர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் ஜெர்மனியில் ஷ்னைடரும் இங்கிலாந்தில் றிச்சாட் லோவரும், மூளையிலிருந்து மூக்குக்கு அத்தகைய வழி எதுவுமில்லை என எடுத்துக்காட்டினர். கருத்து மறைந்தது, சொல் நின்றது. செப்பேடும் கல்வெட்டும் மாத்திரமன்றிச் சொற்களும் வரலாற்றுச் சான்றுகளாதல் கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கேலனின் கூற்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் உண்மையாக நின்று பின்னர் பொய்யாயிற்று. மூளை இச்சுரப்பியை நுண்ணிய பெப்ரைட்டுகளின் வாயிலாக ஆளுகின்றது என்னும் இன்றைய கூற்றோ, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐயத்துக்குரியதாக இருந்து, 1969இன் பின்னர் மறுக்கவொண்ணாத உண்மையாக ஏற்கப்பட்டது. ஒரு கூற்று எவ்வாறு உண்மையென ஏற்கப்படுகின்றது? அதனை ஏற்பிப்போர் யாவர்? அவ்வுண்மை மனிதரால் ஆக்கப்படுகின்றதா, அன்றி இயற்கையிலிருந்து கண்டறியப்படுகின்றதா? கலைப்பீட மாணவர் விஞ்ஞான வரலாற்றை நாடுவதற்கு இவ்வினாக்களே தக்க காரணமாகும். மூளைப் பெப்ரைட்டுகளின் வரலாற்றைக் கொண்டு இவற்றுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமைச் சுரப்பியும் அதன் தலைமையும்

1886இல் பிரெஞ்சு மருத்துவரான பியர் மாரி, முகமும் கை கால்களும் அளவிறந்து பெருக்கும் நோயொன்றை விவரித்தார். அந்நோயாளரிடத்தே கபச்சுரப்பி பருத்திருப்பது பின்னர் தெளிவாயிற்று. 1912இல் அமெரிக்க அறுவை மருத்துவரான ஹாவி குஷிங் இச்சுரப்பியின் நோய்கள் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். 1920களின் பிற்பகுதியில் பிலிப் சிமித் என்பார் எலிகளின் கபச்சுரப்பியை மூளைக்கு ஊறு நேராவண்ணம் அகற்றிக் காட்டினார். அவ்வெலிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. தைரொயிட்டுச் சுரப்பி, அதிரீனற் சுரப்பி, சூலகம், விதை ஆகிய யாவும் சுருங்கின. கபச்சுரப்பித் திசுவை மீண்டும் அளித்தபோது அவை தத்தம் நிலைக்குத் திரும்பின. ஏனைய சுரப்பிகளை ஆளும் தலைமைச் சுரப்பி இதுவே என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றிற்று. 1930களின் தொடக்கத்திலே இலண்டன் மருத்துவரான லாங்டன்-பிரௌன் இதனை ஓர் இசைக்குழுவின் நடத்துநருக்கு ஒப்பிட்டமை அக்காலத்தில் யாவராலும் எடுத்தாளப்பட்டது.

எனினும் ஒரு வினா எஞ்சிநின்றது. முயலின் சூலகத்திலிருந்து சூல் வெளிப்படுவது புணர்ச்சியின் பின்னர், ஏறத்தாழப் பத்து மணித்தியாலங் கழித்தே நிகழ்கின்றது. புணர்ச்சியை உணர்வது நரம்பு; சூலை வெளிப்படுத்துவதோ கபச்சுரப்பியின் ஓமோன். பல விலங்குகள் பகலொளியின் நீளத்தை உணர்ந்தே ஆண்டின் குறித்த பருவத்தில் இனம்பெருக்குகின்றன. ஒளியைக் காண்பது கண். அங்ஙனமாயின் கண்ணும் தோலும் அறிந்த செய்தி கபச்சுரப்பியை அடைவது எவ்வாறு? கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடற்றொழிலியலை ஆராய்ந்த மார்ஷல் என்பார் இவ்வினாவை வற்புறுத்தி வந்தார். 1936இல் அவரும் வேர்னி என்பாரும் முயலின் மூளையை மின்னாற் தூண்டியபோது சூல் வெளிப்படக் கண்டனர். மூளையின் கட்டளை சுரப்பியைச் சேர்கின்றது என்பது புலனாயிற்று. ஆயின் கட்டளை செல்லும் வழி புலனாகவில்லை. கபச்சுரப்பியின் பின்சோணைக்கு மூளையிலிருந்து நரம்புகள் நேரே வருகின்றன. முன்சோணைக்கோ குறிப்பிடத்தக்க நரம்பு இணைப்பு இல்லை.

குருதி ஓடும் திசை

1930இல் ருமேனியரான போப்பாவும் அவுஸ்திரேலியரான ஊனா பீல்டிங் அம்மையாரும் இலண்டனில் ஆராய்ந்து, மூளையின் அடித்தளத்தையும் கபச்சுரப்பியையும் இணைக்கும் நுண்ணிய குருதிக் குழாய்த் தொகுதியொன்றை விவரித்தனர். ஒரு மயிர்த்துளைத் தொகுதியிற் தொடங்கி மற்றொரு மயிர்த்துளைத் தொகுதியில் முடிவுறும் இத்தகைய குழாயை வாயினாளம் என்பர். ஈரலுக்குச் செல்லும் வாயினாளத்தை நாம் அறிவோம். போப்பாவும் பீல்டிங்கும் இக்குழாய்களிற் குருதி சுரப்பியிலிருந்து மூளையை நோக்கி மேலெழுகின்றது எனக் கருதினர். குழாய்கள் உள்ளன என்பது சரி, திசை பிழை. 1935இல் ஆர்ஜென்ரீனாவில் ஹூசே குழுவினர் உயிருள்ள தேரையில் குருதி கீழிறங்குவதைக் கண்டனர். 1936இல் விஸ்லொக்கியும் கிங்கும் அதே முடிவுக்கு வந்தனர். 1940களின் இறுதியில் ஜோன் கிறீனும் ஜெப்ரி ஹரிசும் உயிருள்ள எலியின் குழாய்களை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கி, ஓட்டம் மூளையிலிருந்து சுரப்பிக்கே என்பதை உறுதிசெய்தனர்.

ஜெப்ரி ஹரிஸ் (1913-1971) இவ்வரலாற்றின் நடுநாயகமானவர். மார்ஷலின் வழியில் வந்த அவர் 1937இல் மாணவப் பருவம் நீங்காத நிலையிலேயே முயல்களில் மின்தூண்டற் பரிசோதனைகளைச் செய்தார். 1948இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கமருந்து கொடுக்கப்படாத முயல்களில், பரிவகக்கீழ் எனப்படும் மூளையடிப் பகுதியைத் தூண்டினாற் சூல் வெளிப்படும். கபச்சுரப்பியையே நேராகத் தூண்டினால் வெளிப்படாது எனக் காட்டினார். மின்கணத்தாக்கம் முன்சோணையை இயக்கவில்லை. அங்ஙனமாயின் அதனை இயக்குவது ஒரு பதார்த்தமாக இருத்தல் வேண்டும். பரிவகக்கீழின் நரம்பு முனைகள் யாதோ ஓர் இரசாயனப் பொருளை வாயினாளக் குருதியிற் சொரிய, அது கீழிறங்கிச் சுரப்பியின் கலங்களை ஏவுகின்றது என்பதே அவரது கொள்கையாயிற்று.

இக்கொள்கைக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சொலி சுக்கர்மன் செல்வாக்கு மிக்க உடலமைப்பியலாளர். கீரியை ஒத்த சிறு விலங்கான பெரற்றில் கபச்சுரப்பியின் காம்பை வெட்டிய பின்னரும் ஒளியினால் இனப்பெருக்கப் பருவம் தூண்டப்பட்டது என அவரும் தொம்சனும் 1953இல் எழுதினர். காம்பு அறுந்தும் செய்தி சென்றதெனின் ஹரிசின் வழி பொய்யாகும். ஹரிசின் மறுமொழி எளிமையானது: வெட்டப்பட்ட வாயினாளங்கள் மீள வளரக்கூடியவை. அவ்வாறு வளராதபடி வெட்டுவாயில் தகடொன்றை இட்டுத் தடுத்தாற் பருவம் வருவதில்லை, தடுக்காவிடின் வருகின்றது. 1954இல் அவரும் டொனொவனும் இதனைப் பெரற்றிலேயே காட்டினர்.

இதற்கு முன்னரே, 1952இல், ஹரிசும் டோரா ஜேக்கப்சனும் வெளியிட்ட பரிசோதனை இத்துறையிற் புகழ்பெற்றது. ஜேக்கப்சன் அம்மையார் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து சுவீடன் சென்ற யூத ஆய்வாளர். கபச்சுரப்பி அகற்றப்பட்ட பெண் எலிகளில் வேறு எலிகளின் கபச்சுரப்பித் திசுவை அவர்கள் ஒட்டினர். சில எலிகளில் அதனைப் பரிவகக்கீழின் அடியிலே, வாயினாளங்கள் வளர்ந்து சேரக்கூடிய இடத்தில் வைத்தனர். சிலவற்றில் மூளையின் பக்கச்சோணையின் அடியில் வைத்தனர். இரண்டிடத்தும் ஒட்டிய திசு குருதி பெற்று உயிர்வாழ்ந்தது. ஆயின் முதல் வகை எலிகளே இனப்பெருக்கச் சக்கரத்தை மீளப்பெற்றுக் கருவுற்றன. 1958இல் நிக்கிற்றோவிச்-வினர் அம்மையாரும் எவரெற்றும் மேலுமொரு படி சென்று, எலியின் சுரப்பியைச் சிறுநீரகத்தின் உறையடியில் வைத்துச் செயலிழக்கச் செய்து, பின்னர் மீண்டும் பரிவகக்கீழின் அடிக்குக் கொணர்ந்தபோது அது புத்துயிர் பெறக் கண்டனர். சுரப்பியின் திறன் அதனிடத்து மட்டும் தங்கவில்லை. அது மூளையிலிருந்து பெறும் குருதியிலும் தங்கியுள்ளது என்பது இவற்றாற் பெறப்பட்டது. 1955இல் ஹரிஸ் எழுதிய நூல் இக்கொள்கையை முழுமையாக நிறுவிற்று.

வரலாற்று மாணவன் இங்கே சற்று நிற்றல் தகும். 1955இல் மூளை இரசாயனப் பொருளால் கபச்சுரப்பியை ஆளுகின்றது என்பதற்குச் சான்று இருந்தது. அது சூழ்நிலைச் சான்று. குற்றம் நடந்த வழியும் காலமும் தெரிந்தன, கருவி கிடைக்கவில்லை. அப்பொருளைக் கையில் எடுத்துக் காட்டுமாறு உலகம் கேட்டது.

இலட்சம் மூளைகளும் ஒரு மில்லிகிராமும்

அதனை எடுத்துக்காட்ட முன்வந்தோர் இருவர். றோஜர் கில்லெமின் 1924இல் பிரான்சின் டிஜோன் நகரிற் பிறந்து, மொன்றியலில் ஹான்ஸ் செலியேயிடம் பயின்று, 1953இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகர மருத்துவக் கல்லூரியொன்றில் ஆசிரியரானவர். அன்ட்ரூ ஷாலி 1926இல் அன்று போலந்துக்குரியதாயிருந்த வில்னோ நகரிற் பிறந்து, போர்க்காலத்தை ருமேனியாவில் அகதியாகக் கழித்து, பிரித்தானியா வழியாகக் கனடா சேர்ந்தவர். 1955இல் மொன்றியலில் ஷாலியும் சப்ரனும், ஹூஸ்ரனில் கில்லெமினும் றோசன்பேர்க்கும், ஒருவரையொருவர் சாராது ஒரே முடிவை எய்தினர். கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பட்ட கபச்சுரப்பித் திசுவுடன் பரிவகக்கீழ்ச் சாற்றைச் சேர்த்தால், அதிரீனற் சுரப்பியைத் தூண்டும் ஓமோன் வெளிப்படுகின்றது என்பதே அது. அச்சாற்றிலுள்ள பொருளுக்கு விடுவிக்குங் காரணி எனப் பெயரிடப்பட்டது. 1957இல் ஷாலி ஹூஸ்ரன் சென்று கில்லெமினுடன் சேர்ந்தார். ஐந்தாண்டுகள் இருவரும் அக்காரணியைத் தேடினர், பெற்றாரல்லர். 1962இல் ஷாலி நியூ ஓர்லியன்சுக்குப் பெயர்ந்து தனி ஆய்வுகூடம் அமைத்தார். முன்னாட் கூட்டாளிகள் அன்றுதொட்டுப் போட்டியாளராயினர்.

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டைத் தொகை கொண்டே உணரலாம். இப்பொருள்கள் வாயினாளத்தின் குறுகிய வழியை மாத்திரம் கடக்க வேண்டியிருப்பதால், உடலின் முழுக் குருதியிலும் பரவி வேலைசெய்யும் ஏனைய ஓமோன்களைப் போன்று பேரளவிற் சுரக்கப்படுவதில்லை. ஒரு மூளையிலுள்ள அளவு நினைத்தற்கரிய சிறுமையுடையது. ஆகவே கில்லெமின் செம்மறியாட்டு மூளைகளையும், ஷாலி பன்றி மூளைகளையும் இறைச்சிக் கூடங்களிலிருந்து திரட்டினர். கில்லெமின் குழுவினர் கையாண்ட ஆட்டுமூளைகளின் தொகை ஏறத்தாழ 50 இலட்சம். நிறையிற் கூறின் 500 தொன். மூன்று இலட்சம் ஆடுகளின் பரிவகக்கீழ்த் துண்டுகளிலிருந்து அவர்கள் பெற்ற தூய பொருள் ஒரு மில்லிகிராம். ஷாலி ஓரிலட்சம் பன்றிகளிலிருந்து 2.8 மில்லிகிராம் பெற்றார். இதுகாறும் கத்தியும் நுணுக்குக்காட்டியும் கொண்டு ஒருவரிருவர் செய்துவந்த ஆராய்ச்சி ஒரு தொழிற்சாலையின் தன்மையை எய்திற்று. ஆண்டுக்கணக்காக ஒரே பொருளை வடித்தும் பிரித்தும் சலிக்கும் வேலையைச் செய்ய உடற்றொழிலியலார் பலர் விரும்பவில்லை. அதனை விரும்பியேற்றமையே இவ்விருவரின் தனிச்சிறப்பு எனலாம்.

அவர்கள் முதலில் வென்றது தாம் தேடிய அதிரீனற் காரணியையன்று. தைரொயிட்டுத் தூண்டும் ஓமோனை விடுவிக்குங் காரணியையே. 1966இல் ஷாலி தமது தூய பொருளில் குளுற்றாமிக்கமிலம், ஹிஸ்ரிடின், புரோலின் எனும் மூன்று அமினோ அமிலங்கள் சம அளவில் உள்ளன எனக் கண்டார். ஆயின் அவை மொத்த நிறையின் 30 வீதம் மாத்திரமே எனக் கணக்கிட்டமையால், அப்பொருள் வெறும் பெப்ரைட்டு அன்று என முடிவுசெய்தார். பெப்ரைட்டுகளைச் சிதைக்கும் நொதியங்கள் அதனைச் சிதைக்கவில்லை என்பதும் இம்முடிவுக்குத் துணைநின்றது. விடை கையில் இருந்தும் நழுவிற்று.

காலம் நீண்டது, செலவு பெருகிற்று. பொதுப்பணத்தை வழங்கிவந்த அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் பொறுமையிழக்கலாயின. 1969 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் ரூசன் நகரில் இத்துறையினர் கூடியபோது, நிதி நிறுத்தப்படுமோ என்னும் அச்சம் நிலவிற்று. அக்கூட்டத்திலேதான் கில்லெமின் குழுவின் இரசாயனரான பேர்கஸ், இன்னும் தூய்மையாக்கிய பொருளில் அம்மூன்று அமினோ அமிலங்களே பெரும்பங்கு வகிக்கின்றன என அறிவித்தார். அஃது ஒரு பெப்ரைட்டு என்பது அப்போது ஐயமறத் தோன்றிற்று.

மூன்று அமிலங்களை ஆறு வரிசைகளிற் கோக்கலாம். ஆறையும் செயற்கையாக ஆக்கிச் சோதித்தனர். ஆறும் செயலற்றிருந்தன! பின்னரே மறைபொருள் வெளிப்பட்டது. இயற்கைப் பொருளில் சங்கிலியின் இரு முனைகளும் மூடப்பட்டுள்ளன. தொடக்கத்திலுள்ள குளுற்றாமிக்கமிலம் வளைந்து தன்னோடு தானே இணைந்து வளையமாகியுள்ளது. இறுதியிலுள்ள புரோலின் ஓர் ஏமைட்டாக முடிகின்றது. சங்கிலியை முனையிலிருந்து உண்ணும் நொதியங்கள் பற்றுதற்கு முனையில்லை. முன்னர் எல்லாரையும் மயக்கிய புதிர்களுக்கும் இதுவே விடை. 1969 நவம்பர் 6ஆம் நாள் ஷாலி, பவர்ஸ், போக்கர்ஸ் ஆகியோரைக் கொண்ட குழுவின் கட்டுரையும், 12ஆம் நாள் கில்லெமின் குழுவின் கட்டுரையும் வெளிவந்தன. பதினான்கு ஆண்டுத் தேடல் ஆறு நாள் இடைவெளியில் இரு கரைகளையும் அடைந்தது.

கட்டளை செல்லும் முறை

இன்று நாம் அறியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறலாம். பரிவகக்கீழிலுள்ள நரம்புக் கலங்கள் இப்பெப்ரைட்டுகளை ஆக்குகின்றன. அவை நரம்பின் வழியே கபச்சுரப்பிக் காம்பின் தலைப்பை அடைந்து, அங்குள்ள மயிர்த்துளைக் குழாய்களிற் சொரியப்பட்டு, வாயினாளங்களின் வழியே முன்சோணையை அடைகின்றன. அங்குள்ள கலங்களின் மேற்பரப்பில் ஒவ்வொரு பெப்ரைட்டுக்கும் உரிய வாங்கிகள் உள்ளன. தைரொயிட்டு விடுவிப்புக் காரணி தனக்குரிய வாங்கியைப் பற்றியதும் அக்கலம் தைரொயிட்டுத் தூண்டும் ஓமோனை வெளிவிடும். அது குருதியிற் சென்று தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்ட, தைரொட்சின் சுரக்கும். தைரொட்சின் மிகுந்தால் அது மூளையையும் கபச்சுரப்பியையும் அடக்கும். குறைந்தால் அடக்குமுறை தளரும். இப்பின்னூட்டலினாலேயே உடல் தன் சமநிலையைப் பேணுகின்றது. பின்சோணையின் முறை வேறு. ஒட்சிரோசினும் வாசோபிரசினும் பரிவகக்கீழிலேயே ஆக்கப்பட்டு, நரம்புகளின் வழி நேரே பின்சோணையை அடைந்து, அங்கிருந்து உடற்குருதியிற் கலக்கின்றன.

முதற் காரணி கிட்டியபின் ஏனையவை தொடர்ந்தன. 1971இல் ஷாலியின் ஆய்வுகூடத்திலே, யப்பானியரான மற்சுவோ, பாபா, அரிமுரா ஆகியோரின் உழைப்பால், சூலகத்தையும் விதையையும் ஆளும் ஓமோன்களை விடுவிக்கும் பத்து அமினோ அமிலப் பெப்ரைட்டின் அமைப்பு அறியப்பட்டது. முயலின் சூல் குறித்து மார்ஷலும் ஹரிசும் எழுப்பிய வினாவுக்குரிய விடை இதுவேயாகும். அவ்வாண்டு நவம்பரில் ஹரிஸ் காலமானார். 1970இல் கலிபோர்னியாவின் சோக் நிறுவகத்துக்குப் பெயர்ந்த கில்லெமினின் குழு, வளர்ச்சி ஓமோனை விடுவிக்கும் பொருளைத் தேடுகையில், அதற்கு நேர்மாறாக அவ்வோமோனைத் தடுக்கும் பொருளைக் கண்டது. பிராசோ முதலாகக் கவனித்த அப்பொருளே 14 அமினோ அமிலங்களைக் கொண்ட சொமற்றொஸ்ரற்றின் என 1973இல் அறிவிக்கப்பட்டது. மூளை ஏவுவது மட்டுமன்றித் தடுக்கவும் செய்கின்றது என்பது இதனாற் தெளிவாயிற்று.

பரிசும் பங்கும்

1977இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசின் அரைப்பங்கு கில்லெமினுக்கும் ஷாலிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மற்றைய அரைப்பங்கு, குருதியிலுள்ள நுண்ணளவு ஓமோன்களையும் அளக்கும் கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறையை ஆக்கிய றொசலின் யலோ அம்மையாருக்கு வழங்கப்பட்டது. அம்முறையை அவருடன் சேர்ந்து ஆக்கிய பேர்சன் 1972இலேயே மறைந்துவிட்டார்.

நோபல் பரிசு இறந்தவருக்கு வழங்கப்படுவதில்லை. மூவருக்கு மேற் பகிரப்படுவதுமில்லை. எனவே ஹரிஸ் அதிற் சேரவில்லை. சூலக ஓமோனை விடுவிக்கும் பொருள் பரிவகக்கீழிலுண்டு என 1960இலேயே காட்டிய மக்கான், சங்கிலியின் புதிரை அவிழ்த்த பேர்கஸ், மற்சுவோ, வாயினாளத்தை விவரித்த பீல்டிங், ஒட்டுப் பரிசோதனை செய்த ஜேக்கப்சன் ஆகியோரும் அப்பட்டியலில் இல்லை. இருவரின் போட்டியாக இவ்வரலாற்றைக் கூறுவது சுவையானதே. 1981இல் நிக்கலஸ் வேட் எழுதிய நூல் அவ்வாறே கூறுகின்றது. ஆயினும் போர்களை அரசரின் பெயரால் மாத்திரம் எழுதிய பழைய வரலாற்று முறையின் குறைபாடு இதிலும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. போட்டியினால் விரைவும் கண்டிப்பும் விளைந்தன என்பது மெய். ஒருவரது பிழையை மற்றவர் காணாது விடார். அதே போட்டியினால் ஒரே வேலை இருமுறை செய்யப்பட்டது என்பதும் மெய்.

ஆக்கப்பட்டதா, கண்டறியப்பட்டதா?

1975 முதல் 1977 வரை கில்லெமினின் ஆய்வுகூடத்திலே ஒரு புதியவர் அமர்ந்திருந்தார். அவர் விஞ்ஞானியல்லர், புரூனோ லற்றூர் எனும் பிரெஞ்சுச் சமூகவியலாளர். மானிடவியலாளர் தொலைதூரக் குடிகளின் வழக்கங்களை அவதானிப்பதுபோன்று அவர் விஞ்ஞானிகளை அவதானித்தார். 1979இல் அவரும் ஸ்ரீவ் வூல்கரும் எழுதிய நூல், விஞ்ஞான உண்மைகள் ஆய்வுகூடத்திலே சமூக முறையில் ஆக்கப்படுகின்றன என வாதிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதன்மையான சான்று தைரொயிட்டு விடுவிப்புக் காரணியே. ஒரு கூற்று தொடக்கத்தில் இன்னார் கூறுகின்றார் என்னும் அடைமொழியுடன் உலவுகின்றது; கருவிகளும் கட்டுரைகளும் பணமும் இணங்குவிப்பும் சேரச் சேர அவ்வடைமொழி உதிர்ந்து, கூற்று மாத்திரம் எஞ்சுகின்றது என்பது அவர்களது கருத்து. எம் இலக்கண நூலார் 'என்ப' என்று பிறர்மேல் வைத்துக் கூறும் முறையை அறிந்த எமக்கு இக்கருத்தை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. 'என்ப' என்னும் சொல் உதிரும்போது கூற்று உண்மையாகின்றது.

இக்கருத்தில் வலிமையுண்டு. 1955இல் ஹரிஸ் காட்டிய சான்று போதாது, இரசாயன அமைப்பே வேண்டும் என்னும் நியதியை விதித்தது இயற்கையன்று, மனிதரே. ரூசன் கூட்டத்தின் முன் நிதி நிறுத்தப்பட்டிருப்பின் அவ்வுண்மை மேலும் பல ஆண்டுகள் ஐயத்துள் கிடந்திருக்கவும் கூடும். எது சான்றாகும், எவ்வளவு சான்று போதும் என்பவை ஒரு காலத்தின் சமூகம் வகுத்துக்கொள்பவை என்பதை மறுத்தற்கில்லை.

எனினும் இவ்வரலாறே அக்கருத்தின் எல்லையையும் காட்டுகின்றது என்பது எனது துணிபு. ஆறு வரிசைகளிலும் கோக்கப்பட்ட பெப்ரைட்டுகளை எண்ணிப்பார்த்தல் தகும். அவற்றுள் ஒன்று செயற்பட வேண்டும் என்பதே அவ்வாய்வுகூடத்தின் விருப்பம். பணம், புகழ், நிதி வழங்குவோரின் பொறுமை யாவும் அதனை வேண்டிநின்றன. ஆறும் செயற்படவில்லை. சமூகம் உண்மையை ஆக்குவதாயின் அன்று அதனை ஆக்கியிருத்தல் வேண்டும். அவ்வாறே, போட்டியிட்டு ஒருவரையொருவர் நம்பாத இரு குழுவினர், ஒருவர் ஆட்டிலும் மற்றவர் பன்றியிலும் தேடி, ஒரே அமைப்பை எய்தினர். உடன்படும் நோக்கமில்லாதோர் உடன்படுவதற்கு உடன்பாட்டுக்கு வெளியே ஒரு காரணம் இருத்தல் வேண்டும். வினாக்களை மனிதர் ஆக்குகின்றனர். எத்தகைய விடையை ஏற்பதென்பதையும் மனிதரே வகுக்கின்றனர். விடையை மட்டும் அவர்களால் ஆக்க இயலாது. வரலாற்று மாணவர் சான்றுகளைக் கையாளும்போதும் இது பொருந்தும். எந்தக் கல்வெட்டைத் தேடுவது என்பது எமது காலத்தின் விருப்பம். அதிற் பொறித்திருப்பது எமது விருப்பமன்று.

பின்வந்தவை

பரிசுடன் இவ்வரலாறு முடிவுறவில்லை. 1978இல் நொபில் குழுவினர் குரங்குகளில் செய்த பரிசோதனையில், இனப்பெருக்கத்தை ஆளும் பெப்ரைட்டை இடையறாது செலுத்தினாற் கபச்சுரப்பி அடங்கிவிடுகின்றது. மணிக்கொருமுறை சிறு துடிப்பாகச் செலுத்தினாற் செயற்படுகின்றது எனக் கண்டனர். கட்டளையின் பொருள் சொல்லில் மட்டுமன்றி அதன் தாளத்திலும் உள்ளது. இவ்வறிவின் பயனாகவே, 1980களிலிருந்து அப்பெப்ரைட்டின் செயற்கை வடிவங்களை இடையறாது அளித்து ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயையும், உரிய வயதுக்கு முன்னர் பூப்பெய்தும் குழந்தைகளின் நோயையும் கட்டுப்படுத்தும் மருத்துவம் வளர்ந்தது. பியர் மாரி விவரித்த நோய்க்குச் சொமற்றொஸ்ரற்றினை ஒத்த மருந்துகள் பயன்படுகின்றன.

1955இல் தேடத் தொடங்கிய அதிரீனற் காரணி 26 ஆண்டுகளின் பின், 1981இலேயே கிடைத்தது. 41 அமினோ அமிலங்களைக் கொண்ட அதனைக் கண்டவர் கில்லெமினின் மாணவராயிருந்து பின்னர் அவருக்கே போட்டியாளரான வைலி வேல். 2003இல் பிரெஞ்சு, அமெரிக்கக் குழுவினர் இருவேறாக ஆராய்ந்து, பூப்பெய்தாத சில குடும்பத்தினரிடத்தே வாங்கியொன்று பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அவ்வாங்கிக்குரியது கிஸ்பெப்ரின் எனும் பிறிதொரு மூளைப் பெப்ரைட்டு. பரிவகக்கீழின் நரம்புக் கலங்களை அது ஏவுகின்றது. இசைக்குழுவின் நடத்துநரை ஏவுவோர் யார் என வினவியவர்க்கு, ஏவுவோரையும் ஏவுவோர் உளர் என்பது விடையாயிற்று. கில்லெமின் 2024 பெப்ரவரியில் நூறாவது வயதிலும், ஷாலி அதே ஆண்டு ஒக்டோபரில் 97ஆவது வயதிலும் மறைந்தனர்.

கபச்சுரப்பி என்னும் சொல்லை மாற்றவேண்டும் எனக் கூறுவோர் உளர். அது மாறினும் மாறாவிடினும், அச்சொல்லினுள் இரு படிப்பினைகள் அடங்கியுள்ளன. அறிஞர் அனைவரும் ஏற்ற கருத்தும் பதினைந்து நூற்றாண்டுகள் பிழையாக நிற்கக்கூடும் என்பது ஒன்று. பிழையை ஆக்கிய மனிதரே, குருதி ஓடும் திசையைப் பொறுமையுடன் நோக்கி அதனைத் திருத்தவும் வல்லார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திருத்துதல் கலை பயில்வோர்க்கும் விஞ்ஞானம் பயில்வோர்க்கும் பொதுவான கடனாகும்.